நடுப் புகைபோக்கி, இருநூற்று எழுபத்தெட்டு

கப்பலை நோக்கி வந்த லாஞ்சுப் படகில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஜெனோவா பைனாகுலரை இறக்கி, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். துடைத்தால் ஆள் கூடிவிடுமா என்ன. லாஞ்சு ஓட்டுகிறவர் ஒருவர், ஏஜெண்ட் ஆபீஸ் கவரை மடியில் அழுத்திப் பிடித்திருந்தவர் ஒருவர், நடுவில் தொப்பி போட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர். பெரியவர்தான் காம்பஸ் சரிசெய்ய வருகிறவர். நாலு வயதுப் பெண் குழந்தை இல்லை, அதைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற லிகோரியும் இல்லை. நேற்று சாயங்காலம் சிக்னல் கிடைத்த முதல் ஐந்து நிமிடத்தில் லிகோரி சொல்லியிருந்தான், "ஏஜெண்ட்கிட்ட கேட்டுப் பாக்கேன். லாஞ்சுல எடம் இருந்தா புள்ளையத் தூக்கிட்டு வந்து கீழ நிக்கேன். நீ ஏணிக்கிட்ட வந்து எட்டிப் பாத்தாப் போதும்." பாஸ் இல்லாமல் ஹார்பர் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள், குழந்தைக்குப் பாஸ் எழுதவே மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். கப்பல்காரி புருஷனாகி ஆறு வருஷம் ஆன பிறகு அது தெரியாமல் இருக்குமா. தெரிந்தே அவன் சொன்னான், தெரிந்தே இவளும் சரி என்றாள், தெரிந்தே காலையில் தலையைப் படிய வாரி இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டாள். ஏணிக்கு மேலே நின்று எட்டிப் பார்க்கிறபோது முகத்தில் முடி விழக்கூடாது, குழந்தைக்கு முகம் சரியாகத் தெரிய வேண்டும் என்று.

கப்பல் பன்னிரண்டு நாள் உலர்துறையில் கிடந்துவிட்டு வந்திருந்தது. அடியில் தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அத்தனை இரும்பை வெட்டி ஒட்டினால் கப்பலின் காந்தக் குணமே மாறிப்போகும். மேல்தளத்திலிருக்கிற காம்பஸின் முள் வடக்கு என்று வேறு எதையோ காட்டும். அங்கேயே சரிபார்த்திருக்க வேண்டும், மழை விடவில்லை. அதனால் தூத்துக்குடிக்கு வெளியே வந்து நின்று, இங்கேயிருக்கிற ஆளை வரவழைத்து, கப்பலை எட்டுத் திசைக்கும் ஒவ்வொன்றாகத் திருப்பி, முள் எத்தனை டிகிரி தப்புகிறது என்று அளந்து, சரி செய்து, மிச்சத்தைக் கார்டில் எழுதி வாங்கிக்கொண்டு பாரதீப்புக்குப் போய் நிலக்கரி ஏற்ற வேண்டும். மொத்தம் மூன்று மணி நேர வேலை. கரைக்கு யாரும் போவதில்லை. "உன் ஊர்தானே, நல்லாப் பாத்துக்கோ" என்று மாஸ்டர், கப்பலின் காப்டன், காலையில் சொன்னார். கோட்டயத்துக்காரர், பத்து வருஷம் மெட்ராஸில் இருந்தவர், நல்ல மனசோடுதான் சொன்னார். ஆறு மைல். ஏழு மாதம் பதினான்கு நாளாய் இரண்டாயிரம், மூவாயிரம் மைல் என்று இருந்தது ஆறு மைலாகிவிட்டது. இரண்டாயிரம் மைலைச் சுமக்க முடிந்தது. இந்த ஆறு, செருப்புக்குள் மண் மாதிரி, நகர்ந்து நகர்ந்து உறுத்தியது.

பெரியவர் பேர் தவசிமுத்து. ஏணியில் ஏறி வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார், காபி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார். மேல்தளத்துக்கு ஏறுமுன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஷூவுக்குள்ள இரும்பு இருக்கும், கழட்டிரு. சாவிக்கொத்து, பேனா, போன் எல்லாம் கீழ வச்சுட்டு வாம்மா. தலையில பின்னு குத்தியிருக்கியே, அதையும் எடுத்துரு." பின்னை எடுத்தாள். போனை வீல்ஹவுஸில், சுக்கான் பிடித்து நிற்கிற சேசுராஜுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுகிறேன் என்று லிகோரி சொல்லியிருந்தான். மணி எட்டே முக்கால். "அடிச்சா சொல்லுங்கண்ணே" என்றாள். சேசுராஜ் குளச்சல்காரர், அதிகம் பேசமாட்டார், தலையை மட்டும் ஆட்டினார். வெறும் சாக்ஸோடு இரும்பு ஏணியில் ஏறினாள். மேலே புதுப் பெயிண்ட் வாசனை, தரை அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது, கொடிக் கயிறு கம்பத்தில் பட்டுப் பட்டு ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. முடி அவிழ்ந்து வாயில் விழுந்தது.

"எடது கண்ணுல ஆபரேஷன் ஆகிப் பத்து நாளுதான் ஆகுது," என்றார் தவசிமுத்து. "தூரத்துல இருக்கது ரெண்டு ரெண்டாத் தெரியுது. நீ பாத்து அளவச் சொல்லு, நான் காந்தத்த வைக்கேன். எதைப் பாக்கலாம், சொல்லு. தூரமா இருக்கணும், ஒல்லியா இருக்கணும்." அவள் கரையைப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மூடாக்கில் மரமும் வீடும் சாம்பல் கோடாய்க் கிடக்க, அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மட்டும் நட்டுவைத்ததுபோல் நின்றன. "நடுப் புகைபோக்கி சார்," என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசகியிருக்க வேண்டும். "உனக்கு எந்த ஊரும்மா?" "தூத்துக்குடிதான் சார்." "அட. எந்தப் பக்கம்?" "வீடு பழைய ஹார்பர்கிட்ட. புள்ள இப்போ அவங்க அத்தை வீட்ல இருக்கா. தெர்மல் குவாட்டர்ஸ்ல." அவர் தலையைத் திருப்பி, ரெண்டு ரெண்டாய்த் தெரிகிற புகைபோக்கிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற எதையாவது எடுத்துக்கிடுவமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஆறு மைலில் அதைவிட ஒல்லியாய், அதைவிடத் தெளிவாய் வேறெதுவும் தெரியவில்லை என்பது உண்மைதான். கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

முதலில் வடக்கு. கப்பல் மெல்ல முகத்தைத் திருப்பியது. கிண்ணத்தில் திரவத்துக்குள் மிதந்த வட்ட அட்டை முதலில் கப்பலோடு வருகிற மாதிரி ஆடி, பிறகு வரமாட்டேன் என்று நின்றுகொண்டது. அளக்கிற வளையத்தைத் திருப்பி, அதன் கண்ணாடி வழியே குனிந்தாள். புகைபோக்கி மெலிந்த நிழலாக அட்டையில் விழுந்தது. சரியான முள்ளாக இருந்தால் இங்கிருந்து அது இருநூற்று எழுபத்தெட்டில் இருக்க வேண்டும். கடல் வரைபடச் சார்ட்டில் இரண்டு தடவை அளந்து வைத்திருந்தாள். "இருநூத்தி எண்பத்தஞ்சு." "ஏழு தப்பு," என்று சொல்லி அவர் காம்பஸ் பீடத்தின் கதவைத் திறந்து, பென்சில் கனத்தில் இருந்த காந்தக் கம்பி ஒன்றை உள்ளே துளையில் செருகினார். அட்டை நடுங்கி நகர்ந்தது. குனிந்தே இருந்தாள். அந்தப் புகைபோக்கிக்குக் கீழே இரண்டாவது வரிசையில் முனை வீடு, மாடிப்படிக்கு அடியில் துவைகல், அதன் மேல் எப்போதும் ஒரு நீல வாளி. பிலோமி மைனி, லிகோரியின் அக்கா, இந்நேரம் மூத்த பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அன்சிக்கு, இவள் குழந்தைக்கு, தலை சீவிக்கொண்டிருப்பாள். மைனி இறுக்கிப் பின்னுவாள், குழந்தைகளின் கண்ணே மேலே இழுத்துக்கொள்ளும். அன்சி அழுவாளா, பழகியிருப்பாளா. பழகியிருப்பாள். ஏழு மாதத்தில் எது பழகாது. மைனி பையன்கள் மைனியை அம்மா என்று கூப்பிட, பார்த்துப் பார்த்து அன்சியும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். லிகோரி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான், சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு ஒரு நாள் வீடியோவில் மைனி போனைக் குழந்தை முகத்துக்கு நேராய்ப் பிடித்து, "யாரு இது, சொல்லு பாப்போம்" என்று கேட்க, அன்சி யோசிக்காமல் "கப்பலம்மா" என்றாள். தப்பில்லையே. அத்தனை தெளிவாய்ப் பேசுகிறாள் என்று மைனி சந்தோஷப்பட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரமாய்ப் போன் அடித்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறாளாம். "இப்ப எவ்வளவும்மா?" "இருநூத்தி எழுபத்தெட்டு சார்." "நல்லது. அடுத்து கிழக்கு."

கிழக்குக்குத் திரும்ப நாலு நிமிடம் ஆனது. இந்த நாலு நிமிடத்தில் செய்ய ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். வேலை இருந்தால் வேலை. வெளி நங்கூரத்தில் ஏழு கப்பல் நின்றன, காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் எல்லாம் ஒரே மாதிரி மூக்கை வைத்துக்கொண்டு, கட்டிப்போட்ட மாடுகள் மாதிரி. இவளுடையது மட்டும் அசைந்து கொண்டிருந்தது. போன ஆகஸ்டில் கிளம்பிய அன்று மத்தியானம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "எழுந்தா விடமாட்டா, தூங்கும்போதே போயிரு" என்று லிகோரி சொன்னான், அவளும் பெட்டியைச் சக்கரத்தில் இழுக்காமல் சத்தம் வராதபடி கையில் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். மூன்று மணிக்கு எழுந்த அன்சி அழவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தாள், பாத்ரூமில் பார்த்தாள், பீரோவைத் திறக்கச் சொன்னாள், பிறகு சமையல்கட்டில் போய் அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இதை லிகோரி போனில் சொன்னபோது அவள் விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தாள், முன்னால் நின்றவர் நகர்ந்தும் இவள் நகரவில்லை. அரிசி டிரம்மில் நான் எப்படி இருப்பேன். பாதி அரிசி இருந்திருக்கும். கைவிட்டுத் துழாவினாளா, பார்த்துவிட்டு மூடினாளா. அதைக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்துக் கேட்காமலே விட்டாயிற்று. "கிழக்கு ஸ்டெடி, மேடம்" என்று பேசுகுழாய் வழியாகச் சேசுராஜின் குரல் வந்தது. குனிந்தாள். "இருநூத்தி எழுபது." "இந்தப் பக்கம் எட்டா. சரி, நெடுக்குத் துளையில வைப்போம்." அவர் கம்பியைச் செருகிக்கொண்டே, பழைய கப்பல் ஒன்றில் யாரோ காம்பஸ் பீடத்துக்குள் டிபன்பாக்ஸ் வைத்திருந்த கதையைச் சொன்னார். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

ஏழு மாதம் என்பது ஐந்து மாதமாய் முடிந்திருக்க வேண்டியது. அதைத்தான் அவள் சுற்றிச் சுற்றி வந்தும் தொடாமல் விட்டுக்கொண்டிருந்தாள். ஜனவரியில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது: விசாகப்பட்டினத்தில் உங்களுக்கு மாற்று ஆள் தயார், விருப்பம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், தெரிவிக்கவும். சீஃப் ஆபீசர் பரீட்சை எழுத அவளுக்குக் கடல் நாள் ஐம்பத்தெட்டு குறைந்தது. இப்போது இறங்கினால் அந்த ஐம்பத்தெட்டுக்காக இன்னொரு தடவை ஏற வேண்டும், இன்னொரு ஆறு மாதம், இன்னொரு அரிசி டிரம். அந்தக் கணக்கு சரியான கணக்குதான். ஆனால் கேபினில் உட்கார்ந்து அவள் அந்தக் கணக்கை மட்டும் போடவில்லை. எழுந்து, தேவையில்லாமல் ஒரு யூனிபார்ம் சட்டையை இஸ்திரி போட்டாள், காலரை இரண்டு தடவை. பிறகு 'சம்மதம்' என்று அடித்து அனுப்பினாள். சாயங்காலம் லிகோரியிடம், "ரிலீவர் வரல" என்றாள். அவ்வளவுதான், இரண்டே வார்த்தை. அவன் கம்பெனியைத் திட்டினான், மேலதிகாரிக்கு எழுதுகிறேன் என்று குதித்தான், எழுத வேண்டாம் என்று இவள் தடுத்ததைக்கூட இவளுடைய பயம் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் சொன்னான். பிலோமி மைனி அன்றைக்கே நேர்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலுக்குப் போய், "அந்த ரிலீவர் பய நல்லபடியா வந்து சேரணும்" என்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். ஒன்பது செவ்வாய் ஆகிவிட்டது. அந்த ரிலீவர் பயல் ஜனவரியிலேயே வந்து, துறைமுகத்தில் பெட்டியோடு நின்று, திரும்பி வேறு கப்பலுக்குப் போய்விட்டான். அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

தெற்குக்குத் திரும்பி நின்றபோது போன் அடித்தது. கீழே வீல்ஹவுஸில் அடித்தது பேசுகுழாய் வழியாக ஏறி, பித்தளை வாயில் மெலிந்து, யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி வந்தது. "மேடம், போன் அடிக்கி," என்றார் சேசுராஜ், பிறகு குரலை இறக்கி, "காப்டன் இங்கன நிக்காரு." சுக்கானை விட்டு அவர் கையை எடுக்க முடியாது, கப்பல் தெற்கில் நிற்கிற மூன்று நிமிடத்தை விட்டு இவள் இறங்க முடியாது. "இருக்கட்டும்" என்றாள். அடித்து அடித்து நின்றது. "பாரும்மா," என்றார் தவசிமுத்து. கண்ணாடியில் குனிந்தாள், நிழல் ஆடியது, ஆடியது கப்பலா இவளா. "இருநூத்தி அறுபத்தெட்டு." அவர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு செருகாமல் நின்றார். "பத்து டிகிரி அந்தப் பக்கம் போகாதும்மா. ஏற்கனவே சரி பண்ணியாச்சு. திரும்பப் பாரு." போன் மறுபடி அடித்தது. இரண்டாவது தடவை. லிகோரி ஒரு தடவை அடித்து எடுக்கவில்லை என்றால் வாட்ச் டியூட்டியில் இருப்பாள் என்று விட்டுவிடுவான், உடனே மறுபடி அடிக்கிறவன் இல்லை. குழந்தை மாடிப்படியில் விழுந்திருக்கும். மைனி வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது, எத்தனை தடவை சொல்லியாயிற்று. அல்லது அதில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிற எவனாவது சந்தையில் அவனைப் பார்த்து, உங்க வீட்டம்மாதான சார் நீட்டிச்சு எழுதிக் குடுத்தாங்க என்று சொல்லியிருப்பான். அவன் ஒரு நிமிடம் கையில் பையோடு நின்றிருப்பான். கோபம் வராது அவனுக்கு. கோபம் வந்தால் பரவாயில்லை. 'அப்படியா, தெரியும் தெரியும்' என்று அந்த ஆளிடம் இவளை விட்டுக்கொடுக்காமல் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பான். எது மோசம், மாடிப்படியா இதுவா என்று மனசு ஒரு வினாடி தராசு பிடித்தது. பிடித்ததை உணர்ந்ததும் வளையத்தைத் திருப்பி மறுபடி குனிந்தாள். "இருநூத்தி எண்பத்தொண்ணு சார். முதல்ல தப்பாப் படிச்சிட்டேன்." "அவசரமில்ல. கப்பல் எங்கயும் போயிராது," என்றார் அவர். கம்பியைப் பாதி இறக்கினார். மூன்றாவது தடவையாகப் போன் அடித்து ஓய்ந்தது.

மேற்கில் நின்றபோது கப்பலின் மூக்கு நேராக ஊரைப் பார்த்தது. இந்த ஒரு திசைக்காகத்தான் அவள் இரவெல்லாம் பயந்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்படியே எஞ்சினைக் கூட்டினால் நாற்பது நிமிடம். உப்பளத்தின் வெள்ளை, பாத்தி பாத்தியாய், கண்ணைக் கூச வைத்தது. ஆனால் கரையில் கால் வைத்தால், வைத்து முதல் நாள், இரண்டாம் நாள், அப்புறம்? போன லீவில் மூன்றாவது வாரம் விடிகாலை விழித்து, குழந்தையின் கால் வயிற்றில் கிடக்க, சார்ட் மேசையின் விளக்கை நினைத்துக்கொண்டு கிடந்தாள். மைனியின் சமையல்கட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இவள் நின்றாள், மைனி கேலி செய்யாமல் எடுத்துக் கொடுத்தாள், கேலி செய்திருக்கலாம். அங்கே இருந்தால் இங்கே, இங்கே இருந்தால் அங்கே. இந்த ஏக்கம் குழந்தைக்கா, இல்லை ஏங்குகிற பழக்கமா என்று ஒரு குரல் கேட்கும், அவளுடைய குரல்தான். இப்போது வெறும் சாக்ஸோடு சூடான தரையில் நிற்கிறபோது பதிலைத் தேட வேண்டியிருக்கவில்லை. அன்சியின் உச்சந்தலை வாசனை வேண்டும். தேங்காயெண்ணெயும் வேர்வையும் கலந்து, ரொட்டி மாதிரி, அது. அது மட்டும். இந்நேரம் அது மைனி வீட்டு எண்ணெய் வாசனையாய் மாறியிருக்கும், மாறியிருந்தாலும் சரி. "இருநூத்தி எழுபத்தஞ்சு சார்." "சரி. பாதிய எடுப்போம், பாதிய விடுவோம். எல்லாத்தையும் எடுக்க முடியாதும்மா. மிச்சம் என்னன்னு தெரிஞ்சு எழுதி வச்சுட்டா மாலுமிக்கு அது போதும்."

அதற்குப் பிறகு காம்பஸின் இரண்டு பக்கமும் இருந்த இரும்பு உருண்டைகளை நகர்த்தி, கடைசிச் சுற்று. வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று எட்டையும் மறுபடி. இப்போது காந்தம் வைக்கிற வேலை இல்லை, அளந்து எழுதுவது மட்டும். இருநூத்தி எழுபத்தொன்பது. இருநூத்தி எழுபத்தெட்டு. எழுபத்தேழரை. ஒவ்வொரு தடவையும் குனிந்து, புகைபோக்கியை அட்டையில் விழவைத்து, நிமிர்ந்து சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குனிகிறபோது உள்ளே ஒரு வாக்கியம் உருண்டுகொண்டிருந்தது, லிகோரி, ஜனவரியில. இல்லை, லிகோரி, கோவப்படாதீங்க. இல்லை, அது வேண்டாம், கோபப்படட்டும். நான்தான் எழுதிக் குடுத்தேன். அவ்வளவு போதும், ஏன் எதற்கு என்று அவன் கேட்டால் சொல்லலாம். தென்மேற்கில் வாக்கியம் சரியாய் இருந்தது, மேற்கு வந்ததும் கலைந்தது. இன்றைக்கே ஏன். இருபத்தொன்பது நாளில் இறங்கிவிடலாம், ரிலீவர் வந்துவிட்டார் என்றால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், மைனி கடைசி மெழுகுவர்த்தியை ஏற்றுவாள், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இதுவரை அப்படித்தான் வைத்திருந்தாள். ஆனால் மைனி நன்றி சொல்லி ஏற்றப் போகிற அந்த மெழுகுவர்த்தியை நினைத்ததும், அது எரிகிற பக்கத்தில் தான் போய் நிற்க வேண்டியிருக்கும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததும், முடியாது என்று தோன்றியது. பெரிய நேர்மையெல்லாம் இல்லை. வெறுமனே முடியாது. "வடமேற்கு, இருநூத்தி எழுபத்தேழு சார்." "முடிஞ்சுதும்மா," என்று தவசிமுத்து நோட்டை மூடினார்.

கார்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாஸ்டரோடு கைகுலுக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணிக்கு வந்த பெரியவர் முதல் படிக்கு முன் நின்றார். "வீட்டுக்கு ஏதும் குடுத்துவிடணுமா? நான் கேட்ல யார்ட்டயாவது குடுத்திருவேன்." கேபினில் ஒரு ஃபிராக் இருந்தது, போன மாதம் வாங்கியது, மஞ்சள், முன்பக்கம் இரண்டு பை. நாலு வயதுக்கு என்று கேட்டு வாங்கியது. எந்த நாலு வயதுக்கு என்று கடைக்காரன் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கொடுத்துவிட்டு, அது சின்னதாய்ப் போய், மைனி அதை மடித்து உள்ளே வைத்துவிட்டால். "ஒண்ணும் இல்ல சார்," என்றாள். லாஞ்சு மூன்று பேரோடு திரும்பிப் போனது. கப்பல் தென்கிழக்காகத் திரும்பி, நூற்று ஐம்பதில் மூக்கை வைத்து, வேகம் பிடிக்க ஆரம்பித்தது. போனில் நாலு அழைப்பு தவறியிருந்தது. சிக்னல் இரண்டு கோடு. தொப்பியைப் போட்டுக்கொண்டு வலதுபக்க வெளித்தளத்துக்குப் போய், கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அடித்தாள்.

"எத்தன தடவ அடிக்கது," என்றான் லிகோரி. மூச்சு வாங்கியது. பின்னால் காக்கை, குக்கர் சத்தம், காற்று. "அக்கா வீட்டு மொட்டை மாடில நிக்கோம். காலையில இருந்து நிக்கோம்."

"அன்சிக்கு ஒண்ணுமில்லையே?"

"அவளுக்கு என்ன. நல்லா இருக்கா."

மாடிப்படி இல்லை. அந்தக் குரலில் இன்னொன்றும் இல்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. இப்படியே விட்டுவிடலாம், இப்போதுகூட. வாக்கியம் எங்கே போனது என்று தேடினாள், ஒன்றுமில்லை, வாய் தானாகத் திறந்தது. "நான் ஒண்ணு சொல்லணும். ஜனவரியில ரிலீவர் வரலன்னு சொன்னேன்ல. வந்திருந்தாரு. நான்தான் மூணு மாசம் கூட்டி எழுதிக் குடுத்தேன்."



"எதுக்கு?"

"பரீட்சைக்கு. நாள் பத்தல."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க வந்துருன்னு சொல்லியிருப்பீங்க. சொன்னா நான் வந்திருப்பேன்."

யோசிக்கிறபோது அவன் கீழுதட்டைப் பல்லால் இழுப்பான், அது ஆறு மைல் தாண்டி அவளுக்குத் தெரிந்தது. "அக்கா அங்க வாரா வாரம் போயி..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "எனக்கு இப்ப என்ன சொல்லன்னு தெரியல, ஜெனோ. எனக்குக் கஷ்டமா இருக்கு."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது," என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. "அதப் பெறகு பேசுவோம். சாயங்காலம் சிக்னல் இருக்காது உனக்கு. நீ போய்ச் சேந்த பெறகு பேசுவோம். இவ போனக் கேட்டு என் சட்டையப் பிடிச்சு இழுக்கா. பேசு."

மூன்று வாரமாய்க் கட்டிலுக்கடியில் இருந்த குரல், மூச்சு முட்ட, போனை வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தது. "அது நீயா?"

"எதுடி?"

"அங்க எல்லாக் கப்பலும் சும்மா நின்னுச்சு. ஒண்ணு மட்டும் சுத்துச்சு. அப்பா தெரியலன்னு சொன்னாங்க. நான்தான் கண்டுபுடிச்சேன். அது நீயா?"

"நான்தான்."

"ஏன் சுத்துன? வீடு தெரியலையா?"

கைப்பிடிக் கம்பியின் புதுப் பெயிண்ட் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "தெரிஞ்சுது," என்றாள். "எல்லாத் தடவையும் தெரிஞ்சுது."

"அப்ப வர வேண்டியதான?"

இருபத்தொன்பது நாள் என்று சொல்லலாம். நாலு வயதுக்கு இருபத்தொன்பது என்றால் என்ன. அன்சி காத்திருக்கவில்லை. "நான் கை காட்டுனேன். ரொம்ப நேரம் காட்டுனேன். நீ காட்டவே இல்ல."

"நான் பாக்கலடி. இப்ப காட்டுறேன், பாரு." போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கி ஆட்டினாள். மாஸ்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தார், பார்த்துவிட்டு ராடார் பக்கம் போய்விட்டார். கரையில் மரமும் வீடும் மூடாக்கில் கரைந்திருந்தன. மாடி எங்கே, கைப்பிடி இல்லாத படி எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

"தெரியல," என்றாள் அன்சி.

தொப்பியைக் கழற்றி அதை ஆட்டினாள், கை வலிக்க, கால் விரலில் எம்பி நின்று.

"தெரியல. இன்னும் காட்டு."

சிக்னல் ஒரு கோடாகி, குரல் உடைந்து உடைந்து வந்தது. "இன்னும்," என்று கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, அவள் காட்டிக்கொண்டே இருந்தாள்.